விசிலுக்கு முன்னால் ஒரு வார்த்தை

கோவில்பட்டி டவுன் பஸ்ஸில் மகளோடு என் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு, மில் இரைச்சலில் கத்திக் கத்தித் தடித்த குரல். எதையும் சொல்லிவிட்டுத்தான் செய்வார்.

"அண்ணாச்சி, இப்ப காலை நீட்டப் போறேன்."

நான் புரியாமல் விழித்தேன். ஆட்டிசம் உள்ள மகளுக்காக வந்த பழக்கமாம். திடீரென்று எது நடந்தாலும் அவள் மிரண்டுவிடுவாளாம். மில் வேலையை விட்டுவிட்டு இப்போது அவர் அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு வாத்தியார்.

"மில் வேலையை ஏன் விட்டீங்க?"

"இவளுக்காகத்தான் பயிற்சிக்குப் போனேன். படிச்ச பிறகு இவ ஒருத்திக்கு மட்டும் சொல்லிக்கொடுத்து நிறுத்த மனசு வரலை."

அடுத்த நிறுத்தத்தில் ஆட்கள் ஏறியதும் கண்டக்டர் அவளிடம் குனிந்தார்.

"தாயி, இப்ப விசில் அடிக்கப் போறேன்."

அவள் நிதானமாக இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதுவரை பஸ் நின்றது.

கண்டக்டருக்கு இந்த வாத்தியார் எத்தனை நாள் பாடம் நடத்தினாரோ, தெரியவில்லை.