முன்பாதி சொல்லாத அண்ணன்

என் அண்ணன் ஏழு வருடம் கத்தோலிக்கக் குருமடத்துச் சோறு தின்றவன். சாமியார் ஆகாமல் வெளியே வந்து, இப்போது கல்லூரியில் மேற்கத்தியத் தத்துவம் நடத்துகிறான். கடவுள் இல்லை, அதனால் எதற்கும் அர்த்தமில்லை என்பது அவன் பாடம். கடவுள் இல்லாவிட்டால் எதற்கும் அர்த்தமில்லை என்பது எங்கள் பங்குச் சாமியாரின் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம். இரண்டு பேருக்கும் நடுவில் என்ன சண்டை என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கடவுள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நான் சோறு வடித்து வைத்துவிட்டுத்தான் மேட்டுப்பாளையம் கம்பெனிக்கு ஷிப்டுக்கு ஓட வேண்டும்.

போன வருடம் அம்மா கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பிழைக்க மாட்டாள் என்று சொல்லிவிட்டார்கள். அவள் கேட்டது ஒன்றே ஒன்று. பெரியவன் வந்து செபமாலை தொடங்க வேண்டும். எங்கள் வீட்டில் ஒவ்வொரு மந்திரத்திலும் முன்பாதியை மூத்த ஆண் சொல்வான், மற்றவர்கள் பின்பாதி சொல்வோம். அப்பா போனபின் அது அண்ணன் வேலை. ஆயுசு முழுக்கப் பின்பாதியே சொன்ன அம்மாவுக்கு, யாராவது தொடங்காவிட்டால் வார்த்தையே வராது. மகள் நான் தொடங்கியபோது, “நீ வாணாம். அவன் வரட்டும்” என்றாள்.

அவன் வந்தான். வராந்தாவோடு நின்றுவிட்டான்.

“நம்பாதத எப்படி சொல்றது? பொய் இல்லியா அது?”

“எதுக்குமே அர்த்தம் இல்லன்னு ஊரு பூரா சொல்லினு திரியிற. பொய்க்கு மட்டும் என்னா வந்துச்சி? சொல்லிட்டுப் போயேன்” என்றேன்.

“உனக்குப் புரியாதும்மா. இது நேர்மை.”

“அதையும் குருமடத்துலதான கத்துக்கின? சாமிய மட்டும் உட்டுட்டு மிச்சத்த மூட்ட கட்டிக்கினு வந்துட்டியா?”

பக்கத்துக் கட்டிலுக்குத் துணையிருந்த விழுப்புரத்துக்காரம்மா எட்டிப் பார்த்து, “பெத்தவளுக்கு வாயத் தொறக்க இவ்ளோ யோசனயா தம்பி?” என்றாள். அவன் டீ குடிக்கப் போய்விட்டான்.

உண்மையிலேயே எதுவும் இல்லை என்று நினைக்கிறவன் பத்து நிமிடம் சொல்லிவிட்டு மறந்திருப்பான். இவன் அங்கியை மட்டும் கழற்றியவன், அவ்வளவுதான்.

சாயங்காலம் நானே மறுபடி தொடங்கினேன். அம்மா கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்பாதி வரவில்லை. மறுநாள் மத்தியானம் போய்விட்டாள்.

அடக்கம் முடிந்து கல்லறையிலிருந்து வரும்போது அண்ணன் மெதுவாகக் கேட்டான்:

“கடைசியா அம்மா என்னக் கேட்டுச்சா?”

“இல்ல. நான் முன்பாதி சொன்னேன், அது பின்பாதி சொல்லிச்சி. உன்னக் கேக்கவே இல்ல.”

அவன் ரோட்டிலேயே நின்றுவிட்டான். நான் நிற்கவில்லை. இந்தப் பொய்யை இன்றுவரை எந்தச் சாமியாரிடமும் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன்.