மாமனார் வைத்த கடவுச்சொல்

எங்கள் வீட்டுக் கணினியில் வைரஸ் புகுந்தது ஒரு வசவின் மூலமாகத்தான் தெரிய வந்தது. என் மாமனார் பிரெஞ்சு ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். காரைக்கால் பக்கம் கோட்டுச்சேரியில் எங்கள் வீட்டை இன்றைக்கும் சொல்தா வீடு, அதாவது சிப்பாய் வீடு, என்றுதான் சொல்வார்கள். அவரோடு பணியில் இருந்த ஒருவர் பாண்டிச்சேரியிலிருந்து போன் செய்து, "இந்த வயசுல எனக்கு அசிங்கப் படம் அனுப்புறியே, வெக்கமா இல்ல?" என்று கத்தினார். போன் ஸ்பீக்கரில் இருந்தது. நான் கூடத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

மாமனார் எதையும் அனுப்பவில்லை. ஆனால் அவருடைய மெயிலிலிருந்து ஒரு இணைப்பு போயிருந்தது. அவருக்குத் தெரிந்த எல்லாருக்கும் போயிருந்தது. பிரான்சில் இருக்கும் என் நாத்தனாருக்கு, பழைய படையாட்களுக்கு, அவர் பென்ஷன் விஷயமாக எழுதும் அலுவலகத்துக்கும்கூட.

போனை வைத்ததும் அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நீதான என் மெஷின்ல பூந்து என்னமோ பண்ணின?"

"உங்க மெயில நான் எதுக்கு மாமா தொறக்கப் போறேன்?"

"இந்த வீட்டுல எல்லாம் தெரிஞ்ச மதாம் நீ ஒருத்திதான?"

கோபம் வந்தால் நான் அவருக்கு மதாம், பிரெஞ்சில் அம்மணி. மற்ற நேரத்தில் எனக்குப் பெயரே கிடையாது. நான் பூவத்தில் நெல் விவசாயம் செய்யும் குடும்பத்தில் பிறந்தவள். அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர். என் கணவர் பிரெஞ்சுக் குடியுரிமை இருந்தும் பிரான்சுக்குப் போகாமல் இங்கேயே துறைமுகத்தில் ஷிஃப்ட் வேலைக்குப் போனார். அதற்குக் காரணம் நான் என்பது மாமனாரின் முடிவு. கல்யாணமான நாளிலிருந்து அந்த முடிவை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. நானும் மாற்ற முயன்றதில்லை.

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கணினியைக் காரைக்காலுக்கு எடுத்துப் போனேன். கடைத்தெருவில் எனக்குத் தெரிந்த ரிப்பேர் கடை இருந்தது. கடைக்காரர் திறந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். சீட்டாட்டம், வானிலை சொல்லும் ஏதோ ஒன்று, கணினியை வேகமாக்குகிறேன் என்று சொல்லும் மூன்று மென்பொருள்கள், எல்லாமே பிரெஞ்சில். பிரெஞ்சில் யார் எதைச் சொன்னாலும் என் மாமனார் நம்புவார்.

புகைப்படங்களையும் முக்கியமான காகிதங்களையும் மட்டும் தனியே எடுத்துப் பரிசோதித்து வைத்துக்கொண்டு, மீதி அத்தனையையும் அழித்துப் புதிதாக நிறுவித் தந்தார்.

"அழிக்கிறது பெரிசு இல்லீங்க அக்கா. திரும்பி வராம பாத்துக்கறதுதான் வேலை," என்றார். "பழைய பாஸ்வேர்டு எல்லாம் களவு போயிட்டதா நெனச்சுக்குங்க. ஒண்ணு விடாம மாத்துங்க. போனுக்கு நம்பர் வந்தாத்தான் மெயில் தொறக்குற மாதிரி வச்சிடுங்க. அப்டேட் கேட்டா தள்ளிப் போடாதீங்க. அப்புறம், வீட்டுல எல்லாரும் ஒரே லாகின்ல போகாதீங்க. புதுசா எதையும் ஏத்துற அதிகாரம் ஒருத்தர்ட்ட மட்டும் இருக்கட்டும்."

அந்த ஒருத்தர் யார் என்று நான் அவரிடம் கேட்கவில்லை. கடையிலேயே முடிவு செய்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றினேன். நிர்வாகி லாகின் எனக்கு. மாமனார் பார்க்கலாம், படிக்கலாம், மெயில் எழுதலாம், மகளோடு வீடியோவில் பேசலாம். புதிதாக எதையும் ஏற்ற முடியாத ஒரு லாகின் அவருக்கு. அவருடைய மெயிலுக்கு நீளமான புதுக் கடவுச்சொல் வைத்தேன். ஒவ்வொன்றையும் பக்கத்தில் நின்று அவருக்கு விளக்கினேன். நான் சொன்னது அத்தனையும் சரி. ஆனால் சொன்ன குரல் சரியில்லை. பல வருஷத்துக் கோபத்துக்கு ஒரு நியாயமான காரணம் கிடைத்திருந்தது. அதை நான் ரசித்தேன். இப்போது எழுதும்போது அதை மறைக்க விரும்பவில்லை.

ஒரு வாரம் கழித்துப் பகல் பதினொரு மணிக்கு அலுவலகத்துக்குப் போன் வந்தது.

"சீட்டாட்டம் போடணும். பாஸ்வேர்டு கேக்குது. சொல்லு."

"போன்ல சொல்ல முடியாது மாமா. சாயங்காலம் வந்து பாக்குறேன்."

"என் வீட்டுல, என் மெஷின்ல, என்னையே வாசல்ல நிக்க வக்கிறியா?"

"உங்க நல்லதுக்குத்தான் மாமா."

அவர் போனை வைத்துவிட்டார். அன்று சாயங்காலம் அவருடைய மெயில் கடவுச்சொல்லைப் பெரிய எழுத்தில் ஒரு அட்டையில் எழுதித் திரையின் மேலேயே ஒட்டியிருந்தார். தெரு ஜன்னலிலிருந்து பார்த்தாலே படிக்கலாம். அதைக் கிழித்து அவர் கண்ணெதிரே குப்பையில் போட்டேன். அவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்ப் பரோட்டா வாங்கி வந்தார். மூன்று நாள் என் கையால் சமைத்த எதையும் தொடவில்லை. மூன்று நாளும் தட்டை வைத்து வாசல் பக்கம் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டார், போகிறவர் வருகிறவர் பார்க்கட்டும் என்று.

என் கணவர் வழக்கம் போல நடுவில் நின்றார். "அந்த மெஷின தூக்கி ஆத்துல போட்டுடுங்க. எனக்குத் தூக்கம் வந்தா போதும்," என்பார். ஷிஃப்ட் முடிந்து வருகிறவரிடம் அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு அலுவலக வேலை மிச்சம் இருந்தது. திங்கள் காலை ஒரு அறிக்கை மேலதிகாரியின் மேஜைக்குப் போயாக வேண்டும். அலுவலகக் கணினியிலிருந்து பென் டிரைவில் எடுத்து வந்திருந்தேன். அதைச் செருகியதுமே திரையின் மூலையில் சிவப்பாக ஒரு எச்சரிக்கை வந்தது. நான் கோப்பைத் திறந்தேன். வைரஸ் தடுப்பு அதை எடுத்து ஒளித்துவைத்தது. வெளியே எடுத்து மறுபடி திறந்தேன், மறுபடி ஒளித்தது. நேரம் போய்க்கொண்டிருந்தது. அடுப்பில் குழம்பு வேறு. எரிச்சலில் வைரஸ் தடுப்பையே நிறுத்திவிட்டு, அறிக்கையை முடித்து, அச்செடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். திரும்பப் போடவில்லை. மறந்தேன் என்று சொல்லலாம். போட வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை என்பதுதான் நிஜம்.

வியாழக்கிழமை மதியம் திரையில் மறுபடியும் தானாகவே பக்கங்கள் திறக்க ஆரம்பித்தன. அன்று எனக்கு அரை நாள். என் கணவரும் வீட்டில் இருந்தார். மாமனார் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"எத தொட்டீங்க?" என்று கேட்டேன்.

"நான் ஒண்ணும் தொடல."

"தொடாம எப்படி வரும்? சீட்டாட்டம் போட வேற யார்ட்டயாவது கேட்டீங்களா?"

"ஒண்ணும் தொடலன்னு சொல்றேன்ல."

"வயசாயிட்டா சொல்றத கேட்டுக்கிட்டுச் சும்மா இருக்கணும்."

என் கணவர், "ஏய்," என்றார். மாமனார் கையில் இருந்த சோற்றை உதறிவிட்டு எழுந்தார். கை கழுவினார். கணினியின் ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். சிபியுவைத் தானே மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினார். எழுபது வயதைத் தாண்டியவர். ஆட்டோவை நிறுத்தி ஏறிக்கொண்டு, "மதாம், வாங்க. கேட்டுடுவோம்," என்றார்.

அந்த 'வாங்க' எனக்குச் சுருக்கென்றது. அவர் என்னை மரியாதையோடு கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

கடைக்காரர் எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு மெஷினை மாட்டினார். வைரஸ் தடுப்பு வைத்திருக்கும் பதிவேட்டைத் திறந்தார். என்ன நடந்தது, எப்போது நடந்தது என்று அதில் எல்லாமே இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

"பென் டிரைவுலேர்ந்து வந்திருக்கு. ஞாயித்துக்கிழமை. மூணு தடவ தடுத்திருக்கு," என்று படித்தார். "அப்புறம் யாரோ தடுப்பயே நிறுத்திட்டாங்க. நிர்வாகி லாகின்லேர்ந்து."

"நிர்வாகி யாருங்க?" என்று மாமனார் கேட்டார். அவருக்குத் தெரியும். கடைக்காரர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"நான்தான்," என்றேன்.

மாமனார் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எல்லாவற்றையும் மறுபடி அழித்து நிறுவி முடிக்கிற வரைக்கும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் கடைக்காரரிடம், "நிர்வாகி பாஸ்வேர்ட நான் போடுறேன். நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்குங்க," என்றார். பிறகு என் பக்கம் பார்த்தார். "மதாம், நீங்களும்."

திரும்பி நின்றேன். சுவரில் ஒரு பிரிண்டர் விளம்பரம் இருந்தது. ஒற்றை விரலால் அவர் தட்டுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது.

திரும்பி வரும்போது ஆட்டோவில், "மாமா, நான் பேசுனது தப்பு," என்றேன்.

"எது? பென் டிரைவா, வயசா?"

"ரெண்டும்."

"சரி," என்றார். மன்னித்துவிட்டேன் என்று அதற்கு அர்த்தம் இல்லை. குறித்துக்கொண்டேன் என்று அர்த்தம்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் கணினியின் சட்டம் அவர் கையில். நான் வைத்திருந்த விதிகள் எதையும் அவர் தளர்த்தவில்லை, இறுக்கினார். அட்டையில் எழுதி ஒட்டுவதை நிறுத்திவிட்டார். சீட்டாட்டம் வேண்டாம் என்று தானே முடிவு செய்துகொண்டார். மாதத்தின் முதல் ஞாயிறு புகைப்படங்களைத் தனி டிஸ்க்கில் நகலெடுத்து, அதன் ஒயரைப் பிடுங்கித் தன் பீரோவில் வைத்துப் பூட்டுகிறார். எனக்கு ஏதாவது அச்செடுக்க வேண்டுமென்றால் பென் டிரைவை அவரிடம் நீட்ட வேண்டும். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பரிசோதனையை ஓட விடுவார். நான் பக்கத்தில் நிற்க வேண்டும். முடிந்ததும் திரையில் வந்த முடிவை எழுத்துக்கூட்டி உரக்கப் படிப்பார். பிறகு, இன்னொரு தடவை ஓட விடுவார். முதல் தடவையே போதும் என்பது இருவருக்கும் தெரியும்.

நான் இதைத் தாங்கிக்கொண்டேன் என்று எழுத மாட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டேன். எங்களுக்குள் ஒட்டுறவு எதுவும் வளரவில்லை. ஆனால் கணினியில் அதற்குப் பிறகு எதுவும் புகவில்லை.

போன மாதம் நாத்தனார் பிரான்சிலிருந்து வீடியோவில் பேசினாள். நான் அடுப்படியில் மீன் நறுக்கிக்கொண்டிருந்தேன். "இப்பல்லாம் உங்கள்ட்டேர்ந்து கண்ட கண்ட மெயில் வர்றதே இல்லப்பா. யாரு பாத்துக்கறா? அண்ணியா?" என்று கேட்டாள்.

"நான்தான்," என்றார் மாமனார். "உங்க அண்ணிக்கு அதுக்கெல்லாம் வெவரம் பத்தாது."

கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கூடத்துக்குப் போய் ஒரு வார்த்தை சொல்லலாமா என்று யோசித்தேன். அந்தப் பென் டிரைவ் நினைவுக்கு வந்தது; அடுத்த மீனை எடுத்தேன்.