இரண்டாம் முறையும் ஏலத்துக்குப் போன துப்பாக்கி

கென்டக்கி மலையடியில், ஹாலோவே ஃபோர்க் ஊர் காவல் நிலையத்தில் வெர்லீன் டட்லிக்கு இருபத்திரண்டு வருஷ வேலை. பிடிபட்ட துப்பாக்கிக்குச் சீட்டுக் கட்டி, அதன் எண்ணைப் பதிவேட்டில் எழுதி, வழக்கு முடிந்ததும் மாநில ஏலத்துக்கு அனுப்புவாள். ஊர் அதை அழிக்கக் கூடாது. அது மாநிலச் சட்டம்.

அதே ஊரில் ஃபேக்டரி வேலைக்குப் போகும் ஷெல்பியின் மகன் கோடி, பத்தொன்பது வயது, பெட்ரோல் பங்க் வாசலில் சுடப்பட்டுச் செத்தான். அந்தத் துப்பாக்கியின் எண்ணை எழுதும்போதே, முன்பும் எழுதிய எண்ணாக வெர்லீனுக்குத் தோன்றியது. பழைய பதிவேட்டைப் புரட்டினாள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அதே எண், அவள் கையெழுத்து.

"அடிப்பாவி, நானேதானே அனுப்பியிருக்கேன்!"

வாய் திறந்தே அறியாதவள், வழக்கு முடிந்ததும் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு ஊர்மன்றக் கூட்டத்துக்குப் போனாள். "இத ஒண்ணையாவது உருக்கிப் போடுங்கய்யா," என்றாள். ஐந்து உறுப்பினரில் நான்கு பேர் கை தூக்கினார்கள். அதில் மூன்று பேர் மான் வேட்டைக்காரர்கள்.

மூன்றே வாரத்தில் மாநிலத் தலைநகரிலிருந்து கடிதம் வந்தது. தீர்மானம் செல்லாது, மீறினால் கை தூக்கியவர்கள் மேல் வழக்கு. என்ன வேகம்! ஆற்றுப்பாலம் விரிசல் விட்டிருக்கிறது என்று ஊர் எழுதி இரண்டு வருஷமாகிறது, ஒரு வரி பதில் இல்லை.

"என் கையில என்ன இருக்கு, வெர்லீன் அம்மா?" என்றார் காவல் அதிகாரி டேரல்.

"ஒண்ணுமில்ல தம்பி. குழி தோண்டுறது மட்டும் நம்ம வேலை," என்று எரிந்து விழுந்தாள். அப்படியும் ஏலச் சீட்டை அவள்தான் கட்டினாள்.

மறுநாள் காலை ஷெல்பி வந்தாள். "என்னைக்கு உருக்குறாங்க? ஃபேக்டரியில லீவு சொல்லணும்."

வெர்லீன் எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்ப ஏலத்துல நானே எடுக்கறேன்."

"லைசென்ஸ் வச்சிருக்கிற கடைக்காரங்கதான் எடுக்க முடியும்மா."

"கடையில போய் வாங்கலாம்ல?"

"எந்தக் கடைன்னு நமக்குச் சொல்ல மாட்டாங்க. கடைக்கு வந்துட்டா யார் வேணாலும் வாங்கலாம்."

"யார் வேணாலுமா? கோடியச் சுட்டானே, அவன் தம்பி கூடவா?"

விதி வெர்லீனுக்கு மனப்பாடம்.

"வயசு இருபத்தொண்ணு ஆகியிருந்தா வாங்கலாம்," என்றாள்.

"மார்ச்ல ஆகுது," என்றாள் ஷெல்பி.