அர்ச்சுனன் அடைத்த கிரீஸ்

மலேசியாவின் ஈப்போ நகரில் ஓர் அடுக்குமாடி வாசலைக் காக்கும் ஜாகா வேலைக்கான சீருடை, பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமல் அர்ச்சுனனின் அலமாரியில் தொங்கிக்கொண்டிருந்தது. தோட்டத்துச் செம்பனை எண்ணெய் ஆலையை மூடியபின், வாலிபம் முழுவதையும் அதன் இயந்திரங்களைப் பழுதுபார்த்தே கழித்த அந்தப் பிட்டருக்கு வந்த ஒரே அழைப்பு அதுதான். அவர் அதை உடுத்துவதற்குள், ஹுத்தான் மெலிந்தாங் படகுப் பட்டறையின் மேற்பார்வையாளன் தனேஸ்வரன் கூப்பிட்டுவிட்டான்.

"அண்ணே, ஒரு பாய்மரப் படகு வந்திருக்கு. நல்லபடியா ஓட வச்சுக் கொடுங்க, உங்கள நிரந்தரமா போடச் சொல்லி முதலாளி தவுக்கேகிட்ட நான் பேசுறேன். ஜாகா வேலையெல்லாம் நமக்கு எதுக்குலா?"

"அப்ப யூனிபார்ம திருப்பிக் கொடுத்துடவா?" என்று மனைவி கலாதேவி கேட்டாள்.

"படகு தண்ணியில இறங்கட்டும்."

படகு, ஈப்போ பல் மருத்துவர் சேவுகனுடையது. இயந்திரத்திலிருந்து நீளும் தண்டு, படகின் பின்னடியில் பதித்த குழாய்க்குள் புகுந்து வெளியே வந்து புரொப்பெல்லரைச் சுழற்றும். அந்தக் குழாயை உப்பு அரித்திருந்தது. அதன் வெளிமுனையில் தண்டைத் தாங்கும் பேரிங் தேய்ந்து, தண்டு பல் விழுந்த வாயில் நாக்கைப்போல ஆடியது.

அர்ச்சுனன் சுக்கானைக் கழற்றி, புரொப்பெல்லரை இழுத்து, தண்டை உருவினார். பழைய குழாயை வெட்டியெடுத்துப் புதியதை வைத்தார். இயந்திரத்தின் மையத்திலிருந்து குழாயின் மறுவாய்வரை நூல் கட்டி, மயிரிழை பிசகாமல் நிறுத்தியபிறகே பிசின் ஊற்றினார்.

"என்னண்ணே, கோயில் கோபுரத்துக்கா நூல் புடிக்கிறீங்க?"

"கோபுரம் சாஞ்சாலும் கும்பிடலாம் தம்பி. தண்டு சாஞ்சா படகத் தள்ளிக்கிட்டுதான் போவணும்."

தனேஸ்வரன் வாய்விட்டுச் சிரித்தான். வெகுநாளைக்குப் பிறகு அர்ச்சுனனும் சிரித்தார்.

அந்த அளவில் பேரிங் கடையில் கிடைக்கவில்லை. ஈப்போவின் ஒரு சிறு பட்டறை, பித்தளை உருளையின் உட்புறத்தில் பால்மரத்து ரப்பரையே வார்த்து, நீளவாக்கில் காடிகள் வெட்டிக் கொடுத்தது. தண்டைச் செருகுமுன் அர்ச்சுனனின் கை தானாகவே கிரீஸ் டப்பாவைத் தேடியது. ஆலையில் புதுப் பேரிங் எதுவும் உலர்ந்த வாயோடு ஏறாது. அழுத்திய கிரீஸ் மறுபக்கம் எட்டிப் பார்க்க வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். காடிகள் அனைத்தையும் அவர் நிரப்பினார். தண்டைச் செருகி ஒற்றை விரலால் தள்ளினார்; தண்டு வழுக்கிக்கொண்டு சுழன்றது. தூசி படாமலிருக்கத் துணி சுற்றிவைத்தார். பட்டறையின் சரிவுப்பாதைக்கு அமாவாசை, பௌர்ணமிக் கடல்பெருக்கில்தான் தண்ணீர் எட்டும். அதற்காகப் படகு ஒரு வாரத்துக்கு மேல் காத்திருந்தது.

பெருக்கு வந்த காலையில் படகு மிதந்தது. உள்ளே ஒரு சொட்டும் கசியவில்லை. சேவுகன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். இயந்திரம் உறுமியது, கியர் விழுந்ததும் முக்கி, அடங்கிப்போனது. மறுபடி முடுக்கினார்கள். மறுபடி அடங்கியது. அதற்குள் நீர் இறங்கத் தொடங்கி, கட்டவிழ்ந்த படகை இழுத்துப்போய் மீன்பிடித் துறையின் மரத்தூண்களில் மோதவிட்டது. பக்கவாட்டுப் பலகை பிளந்த சத்தம் கரைவரை கேட்டது.

அடுத்த பெருக்கில் படகை மேலே ஏற்றித் தண்டைக் கழற்றியபோது, பேரிங்கோடு சேர்ந்துதான் வந்தது. ரப்பர் தண்ணீரில் ஊறிய ரொட்டியாய் உப்பி, தண்டைக் கவ்வியிருந்தது.

"இதுல என்னண்ணே போட்டீங்க?"

"கிரீஸ்."

"ரப்பர்லயா? கடல்தண்ணிதான் அண்ணே இதுக்கு எண்ணெய். அந்தக் காடியெல்லாம் தண்ணி போற வழிலா!"

சேவுகன் படகின் பிளவைத் தடவிக்கொண்டே சொன்னார்: "விடுங்க தனேஸ். வயசான மனுசன், பாவம்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அர்ச்சுனன் பிசுபிசுத்த ரப்பரை நகத்தால் கீறினார். சதைபோல வழன்று வந்தது. சிறுவயதில், தலைக்கு எண்ணெய் தேய்த்த கையோடு அவர் சீட்டு ரப்பரைத் தொட்டதற்காக, பாலுக்காகப் பால்மரம் வெட்டிய தாய் ராக்காயி அவர் புறங்கையில் அறைந்தது நினைவு வந்தது. எண்ணெய் பட்டால் ரப்பர் செத்துவிடும் என்பது, எழுத்தறியும் முன்பே அவர் அறிந்த சங்கதி. தெரியாமல் செய்திருந்தால்கூட மனம் ஆறியிருக்கும்.

"இன்னொரு பேரிங் போட்டுக் கொடுத்துடுறேன் தம்பி. ஒரே ஒரு தடவ."

தனேஸ்வரன் நிமிர்ந்து பார்க்கவில்லை. "தெலுக் இந்தான்லேருந்து வேற ஆள வரச் சொல்லிட்டாரு தவுக்கே. நான் பேசிப் பாத்துட்டேன் அண்ணே."

வீட்டுக்குள் நுழைந்தவரின் முகத்தைப் பார்த்ததும் கலாதேவி நேராக உள்ளே போனாள். அலமாரியைத் திறந்தாள். பிளாஸ்டிக் கிழிபடும் ஓசை மட்டும் கேட்டது.

இப்போது ஈப்போவின் அந்த வாசலில், ஒவ்வொரு காருக்கும் தடுப்புக் கம்பத்தைத் தூக்கி இறக்குவது அவர் வேலை. கம்பத்தின் கீல் அலறுகிறது. குடியிருப்பு நிர்வாகி காளியம்மா ஒருநாள் எண்ணெய் டப்பாவை நீட்டினார்.

"அண்ணே, நீங்க மில்லுல பிட்டராமே? கொஞ்சம் போட்டு விடுங்களேன்."

அர்ச்சுனன் கீலைப் பார்த்தார்; வெறும் இரும்பு. ஒரு சொட்டு போதும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அதுக்குத் தெரிஞ்ச ஆள கூப்பிடுங்க அக்கா."

அடுத்த கார் வந்து நின்றது. கம்பம் அலறிக்கொண்டே உயர்ந்தது.