கருவாடு சுற்றிய தாள்

இன்று புந்தோங் டவுன் கடையில் பழைய நாளிதழில் சுற்றித் தந்த கருவாட்டின் வாடை மூக்கில் ஏறியதும், இடித்துப்போட்ட எங்கள் ரப்பர் தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகள் முன்னால் வந்து நின்றன. அங்கே உலகச் செய்தியெல்லாம் செமோர் டவுனிலிருந்து கருவாட்டோடுதான் வரும், தேதி கிழிந்து, உப்பு ஊறி. பால்மரம் வெட்டி, பால் எடுத்துவிட்டு வந்த அப்பா தாளைத் தொடையில் வைத்து நீவி, லயமே கேட்கத் தலைப்புகளை வாசிப்பார். 'வானிலிருந்து விண்கலம் விழும்' என்று வாசித்த அன்று, பக்கத்து வீட்டு அஞ்சலை அக்கா பால்வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பொழுது சாயும்வரை வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"பழைய தாளுலா இது. எங்கயோ விழுந்து மாசக் கணக்காச்சு, வாளிய எடு அஞ்சலை" என்றார் அப்பா.

அதன்பின் எந்தத் தலைப்புக்கும் நாங்கள் பயப்படவில்லை. 'தோட்டம் விற்பனை, தொழிலாளர் வெளியேற வேண்டும்' என்று வந்தபோதும், தோட்டத்தின் பெயர் மேல் மீன் எண்ணெய்க் கறை.

"பழைய சேதிலா. எந்தத் தோட்டமோ, பாவம்" என்று அக்கா சிரித்தார். அப்பா அந்தத் தாளில் அடுப்பு மூட்டினார்.

அக்கா சொன்னது சரிதான், பழைய சேதி. எங்கள் தோட்டத்தை விற்று, ஊருக்கெல்லாம் சொல்லியிருந்தார்கள், எங்களுக்குத்தான் சொல்லவில்லை. புல்டோசர் வந்த காலையில் அக்கா சட்டிபானைகளை அதே வாளியில் அடுக்கி, தலையில் வைத்துக்கொண்டு முதல் ஆளாக நடந்தார்.