எல்லையில் போட்ட நாற்காலி

வால்நட் தெருவின் கீழ்ப்பாதி டவுன்ஷிப் என்ற ஊராட்சிக்குச் சொந்தம், மேல்பாதி பரோ என்ற பக்கத்து ஊராட்சிக்கு. பெர்னடெட் ரிவ்னாக்கின் வீடு எல்லையைத் தாண்டி மேலே, பரோ பக்கம் மூன்றாவது. பள்ளிப் பேருந்து ஓட்டியே தலை நரைத்தவள் அவள். அந்த மாவட்டத்தில் எந்த ஊர் எங்கே முடிகிறது என்பதைத் தார் நிறம் மாறுவதை வைத்தே சொல்லிவிடுவாள்.

பனிக்காலத்தில் அதற்குத் தாரைப் பார்க்க வேண்டியதில்லை. டவுன்ஷிப்பின் பனி லாரி கீழிருந்து தள்ளிக்கொண்டே வரும். எல்லை வந்ததும் முன்னாலிருக்கும் பனி தள்ளும் தகட்டைத் தூக்கும். ஓரத்து அகலமான இடத்தில் திரும்பிப் போய்விடும். தள்ளி வந்த பனியெல்லாம் சாலைக்குக் குறுக்கே இடுப்பளவு மேடாக நிற்கும். பரோவிடம் இருப்பது ஒரே லாரி. அது மதியத்துக்கு முன் வராது.

போன செவ்வாய் அவள் கணவர் எமிலை டயாலிசிஸுக்கு அழைத்துப்போக வந்த வேன் அந்த மேட்டைப் பார்த்துத் திரும்பிப் போய்விட்டது. மறுநாள் எமிலின் கால் வீங்கி, மூச்சு இரைத்தது. இன்னொரு முறை தவறினால் ஆஸ்பத்திரியில்தான் படுக்க வேண்டும் என்றாள் நர்ஸ்.

பெர்னடெட் டவுன்ஷிப் கூட்டத்துக்குப் போனாள். "மேடு இருக்கிறது பரோ மண்ணுலம்மா" என்றார்கள். பரோ கூட்டத்துக்கும் போனாள். "கொட்டினது அவங்க லாரிதானே?" என்றார்கள். இரண்டு இடத்திலும் காபி கொடுத்தார்கள்.

திங்கள் இரவு பனி கொட்டியது. விடியும் முன்பே அவள் மண்வாரியோடு இறங்கி, லாரி திரும்பும் அந்த ஓரத்தைச் சுத்தமாக வாரினாள். நடுவில் சமையலறை நாற்காலியைப் போட்டாள். வாரிய இடத்தில் ஒருவர் நாற்காலி போட்டுவிட்டால் அந்த இடம் அவருடையது; அந்த வட்டாரத்தில் நாற்காலியை யாரும் தொடமாட்டார்கள். போலீஸ் வண்டிகூட ஒதுங்கித்தான் போகும்.

டவுன்ஷிப் லாரி வந்து நின்றது. அதை ஓட்டி வந்த டுவேன் கண்ணாடியை இறக்கினான்.

"மிஸஸ் ரிவ்னாக், அது நான் திரும்புற இடம்."

"வாரினது நான். நாற்காலி என்னுது."

"எடுத்துடுங்க, ப்ளீஸ்."

"நீயே இறங்கி எடேன்."

அவன் இறங்கவில்லை. "நாற்காலியைத் தொட்டேன்னு எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா வீட்டுக்குள்ளயே விடமாட்டா."

"மேல சர்ச் வாசல்ல திரும்பிக்கோ."

"எல்லை தாண்டினா தகட்டைத் தூக்கணும். அதான் உத்தரவு."

"தூக்கிட்டே போ. முழங்கால் பனியில அந்த ஏத்தத்துல மாட்டிக்கிட்டா, பரோகாரன் மதியம் வந்து இழுத்து விடுவான்."

டுவேன் பின்னால் பார்த்தான். அந்தச் சரிவில் பின்னோக்கி இறங்குவது நடக்காது.

"ஸ்கூல் பஸ்ஸுல நான் வாந்தி எடுத்ததுக்கா இப்பப் பழி வாங்குறீங்க?"

"அன்னிக்கு எந்த ஊர் எல்லைன்னு பாத்தாடா துடைச்சேன்?"

அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு கியரைப் போட்டான். தகடு தரையைவிட்டு எழவில்லை. மேட்டைப் பக்கவாட்டில் உருட்டித் தள்ளிக்கொண்டு, லாரி அவள் வீட்டைத் தாண்டி சர்ச் வரைக்கும் போனது.

வேன் வந்தபோது எமில் கோட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். "பரோ திருந்திடுச்சா?" என்றார்.

"யாரும் திருந்தல. ஏறுங்க."

வேன் கண்ணைவிட்டு மறைந்ததும் நாற்காலியிலிருந்த பனியைத் தட்டிவிட்டாள். அடுத்த டயாலிசிஸ் நாளான வியாழக்கிழமையும் பனி என்று ரேடியோவில் சொல்லியிருந்தார்கள். நாற்காலியை அங்கேயே விட்டுவிட்டு, காலை உணவை நின்றபடி சாப்பிட உள்ளே போனாள்.