ராணியின் முகம்

இன்று ஒலிவ் எண்ணெய்ப் போத்தலைத் திறந்ததும், பலெர்மோவில் கபோச் சந்தைக்குப் பின்னால் நின்ற, பிறகு இடிபட்டுப்போன கோயில் மண்டபம் மணந்தது. மன்னாரில் வாலிபத்திலிருந்தே நாட்டுக்கூத்தில் ராணி வேசம் கட்டிய அந்தோனி மாமா, கிழமை முழுக்கச் இத்தாலியச் சிஞ்ஞோரா அம்மாமாரின் வீடுகளைக் கழுவிவிட்டு, பெருநாள்களில் அங்கே மகனைப் பறிகொடுத்த ராணியாக அழுவார். மீன்காரர்களின் கூவலையும் மீறி அந்த ஒப்பாரி எழும், பெண்கள் மூக்கைச் சிந்துவார்கள், முடிந்ததும் அவர் ஒலிவ் எண்ணெய் தொட்டு அரிதாரத்தைத் துடைப்பார்.

ஒரு ஒத்திகையின்போது, ஊரில் அவருடைய மகன் ஷெல்லடியில் செத்துப்போனானென்று செய்தி வந்தது. மண்டபமே அந்த ராகத்துக்காக அவர் வாயைப் பார்த்தது.

“அழுங்கோ அண்ணை, அழுதிடுங்கோ,” என்றார் அப்பா.

அவர் அழவில்லை. எண்ணெய்ப் போத்தலை எடுத்து, வேசம் போடாத முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.